சித்தப்பா வண்டி ஆயில் குடிக்குது

விடியற்காலையில உச்சிப்புளி மெயின் ரோட்ல நின்னீங்கன்னா, பின்னாடி ஐஸ் பெட்டி கட்டின ஸ்ப்ளெண்டரும் எக்ஸெல்லும் ராமநாதபுரம் பக்கம் போறதைப் பார்க்கலாம். எல்லாம் மீன். அதுல ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் எங்க சித்தப்பாவோடது. ஒரு நாளைக்கு 70 கி.மீ., வாரத்துக்கு ஆறு நாள்.

போன செமஸ்டர் லீவுல அவர் கேட்டார்: "மூணு மாசமா ஆயில் குடிக்குதுப்பா. நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? எஞ்சினைப் பிரிக்கணுமா, வேணாமா?" சாதாரணக் கேள்வி இல்லை. எஞ்சினைப் பிரிச்சா வண்டி நிற்கும், வண்டி நின்னா வியாபாரம் நிற்கும்.

முதல்ல அளந்து பார்த்தோம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கொஞ்ச நேரம் ஓட விட்டு அணைச்சு, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்கைத் துடைச்சு, திருகாம சும்மா உள்ளே வெச்சு எடுக்கணும். திருகிப் பார்த்தா அளவு தப்பா காட்டும். ஞாயிறுக்கு ஞாயிறு, குறைஞ்சதை அக்கா பையனோட பழைய பால் பாட்டில்ல அளந்து ஊத்தினோம். (அக்கா பாட்டிலைத் திரும்பக் கேட்கவே இல்லை.) வாரத்துக்கு 150 மில்லி போல குறைஞ்சது. அதாவது 1000 கி.மீ.க்கு 350 மில்லி.

கேட்கும்போது பெருசா தெரியும். கணக்குப் போட்டா வேற மாதிரி இருக்கு. 40 கி.மீ. வேகத்துல 1000 கி.மீ. ஓட 25 மணி நேரம். நிமிஷத்துக்கு சுமார் 4000 சுத்துன்னு வெச்சா மொத்தம் 60 லட்சம் சுத்து. ஃபோர் ஸ்ட்ரோக்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் எரியும், அப்போ 30 லட்சம் தடவை. ஒவ்வொரு தடவையும் எரியறது ஒரு மில்லியில் சுமார் பத்தாயிரத்துல ஒரு பங்கு! பிஸ்டன் ரிங் சுவர்ல அவ்வளவு மெல்லிசா ஆயிலை வழிச்சு விடுது. அந்த வேலையில ஒரு துளி பிசகினா போதும்.

ஆனா மொத்த ஆயிலே ஒரு லிட்டர்தான். 2000 கி.மீ.ல 700 மில்லி போயிடும். இந்த மாடல்ல ஆயில் லைட்டும் கிடையாது, எஞ்சின் ஜாம் ஆகும்போதுதான் தெரியும்.

ஏர்கூல்டு எஞ்சின்ல சூட்டை ஏத்திக்கிட்டுப் போக தண்ணி இல்லை. சிலிண்டரைச் சுத்தியிருக்கிற ஃபின்ல படுற காத்தும், உள்ளே சுத்துற ஆயிலும்தான் அந்த வேலையைப் பார்க்கணும். ஆயில் குறைஞ்சா இருக்கிற ஆயில் இன்னும் சூடாகும், இளகும், ரிங்கைத் தாண்டி இன்னும் சுலபமா மேலே ஏறும். நம்ம ஊர்ல காத்துக்கா பஞ்சம்னு நினைப்பீங்க. ஆனா காத்து முதுகுல அடிச்சா கதையே வேற. வண்டி 40ல போகுது, பின்காத்து 30ல வீசுதுன்னா ஃபின்னுக்குக் கிடைக்கிறது 10 கி.மீ. காத்துதான். ஓட்டுறவருக்கு சுகமா இருக்கும், எஞ்சின் வேகும்.

அடுத்தது மணல். மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் சிலிண்டர் இரும்பை விட கடினமானது. ஏர் ஃபில்டர் ஓரத்துல சின்னதா இடைவெளி இருந்தாக்கூட உள்ளே போய் போரை உப்புத்தாள் மாதிரி தேய்ச்சிடும். சித்தப்பா வண்டியோட ஃபில்டரைக் கழட்டித் தட்டினப்போ கொட்டின மணலைப் பார்த்ததும் எனக்குப் பாதி பதில் கிடைச்சிடுச்சு.

மீதிப் பதிலைப் புகை சொல்லுச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை வந்தா வால்வு ஆயில் சீல்னு சந்தேகப்படலாம், அது சின்ன செலவு. இந்த வண்டி லோடோட முறுக்கும்போதெல்லாம் புகைஞ்சது. ரிங்கும் போரும்தான். பிளக் ஓட்டை வழியா ஆயில் ஊத்தி கம்ப்ரஷன் ஏறுதான்னு பார்க்கிற டெஸ்ட் புத்தகத்துல இருக்கு. ஆனா ஸ்ப்ளெண்டர் சிலிண்டர் கிட்டத்தட்ட படுத்த வாக்குல இருக்கும், ஊத்தின ஆயில் ஒரு பக்கமா தேங்கிடும். அதை முழுசா நம்ப முடியாது. நாங்க கிளாஸ்ல 'புளோ-பை'ன்னு படிச்சதை மெக்கானிக் அண்ணன் கிக்கரைக் கையால அமுக்கிப் பார்த்துட்டு, "கம்ப்ரஷன் கீழ இறங்குது தம்பி"ன்னு முடிச்சிட்டார். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு அந்த வார்த்தைதான் இப்போ சட்டுன்னு வருது.

ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும். லேத்துக்கு அனுப்பி வாங்கி மாட்ட மூணு நாள் ஆகலாம். அது கூட பரவாயில்லை. அதுக்கப்புறம் புது ரிங் போர்ல படியற வரைக்கும், ஒரு 500 கி.மீ.யாவது, வண்டியை முறுக்காம லோடு ஏத்தாம ஓட்டணும். ஐஸ் பெட்டி இல்லாம சித்தப்பா எங்கே போவார்?

நான் சொல்றதுக்குள்ள அவரே காலண்டரை எடுத்துட்டார். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், ஓட்டம் பாதியாகும். "அப்போ பிரிச்சுக்கலாம்ப்பா. அதுவரைக்கும் ஓடுமா?"

வாராவாரம் அளந்து ஊத்தினா ஓடும்னு சொன்னேன். புது ஏர் ஃபில்டர் அன்னைக்கே மாட்டியாச்சு. பால் பாட்டில் இப்போ ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு மஞ்சப் பையில தொங்குது.