மதியத்தில் ஊதாரி, இரவில் கஞ்சன்

அரிசோனாவின் மேற்கு ஓரத்தில், கலிஃபோர்னியா எல்லைக்குப் பக்கத்தில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர். கோடையில் ஆளரவம் குறைந்து கிடக்கும். குளிர்காலம் வந்தால், வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பனிக்குத் தப்பி வருகிறவர்களின் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டிகள் சுற்றியுள்ள பாலைநிலத்தை நிறைத்துவிடும். நிலம் மத்திய அரசுடையது. லா போசா பகுதியில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கிக்கொள்ள, நாங்கள் போன பருவத்தில் 180 டாலர் கட்டணம். ஏழு மாதத்துக்கு மொத்தமே அவ்வளவுதான். ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்போ தண்ணீர்க் குழாயோ கிடையாது. இப்படி வெட்டவெளியில் வண்டியை நிறுத்திக் குடித்தனம் நடத்துவதை அங்கே பூன்டாக்கிங் என்கிறார்கள்.

எங்கள் வண்டியின் கூரையில் 100 வாட் சோலார் பேனல்கள் நான்கு. கட்டிலுக்கு அடியில் 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. நிரம்பினால் சுமார் இரண்டரை யூனிட். பாலைவனத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் ஜனவரி நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 35 டிகிரியில்தான் நிற்கிறது. பேனலைத் தட்டையாகக் கிடத்தினால் நாளுக்கு ஒரு யூனிட் தேறுவதே கஷ்டம். தெற்கு பார்த்து நிமிர்த்தினால் ஒன்றரைக்குப் பக்கம் வரும். அதனால் காலையில் காபிக்கு முன்பே ஏணி. நான்கையும் நிமிர்த்தி, போல்ட்டை முறுக்கி, படிந்திருக்கும் புழுதியைத் துடைத்துவிட்டு இறங்குவேன். காற்று கிளம்பினால் மறுபடி ஏறிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் பேனல் பட்டமாகிவிடும்.

நாளுக்கு ஒன்றரை என்றால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இலவசமாக அறிவித்த 100 யூனிட்டுக்கும் குறைவு. அதற்குள் ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் பம்பு, என் அலுவலக வேலை எல்லாம் அடங்க வேண்டும்.

மிக்ஸி ஓடும்போது பேட்டரி மானிட்டரைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். என் மனைவி அசரமாட்டாள். “அஞ்சு நிமிஷம் சட்னி அரைச்சா என்ன குடியா முழுகிடும்? உங்க லேப்டாப்பைப் பாருங்க, சத்தமே இல்லாம நாள் முழுக்கத் தின்னுது.” கணக்கும் அதையேதான் சொன்னது. 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடத்தில் 0.06 யூனிட், 60 வாட் லேப்டாப் எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட அரை யூனிட். ஹீட்டர் இன்னும் கள்ளன். எரிவது கேஸ்தான், ஆனால் சூட்டைப் பரப்பும் விசிறிக்கு பேட்டரி வேண்டும். அதை மட்டாக ஓடவிட்டு, ஆளுக்கு இரண்டு கம்பளியோடு படுத்தோம்.

நல்ல வெயில் நாளில் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் பேட்டரி நிரம்பிவிடும். அதன்பிறகு சார்ஜ் கன்ட்ரோலர் பேனலிலிருந்து வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். அப்போது செலவழிக்காத வெயில் வீண். எனவே அந்த நேரத்தில்தான் எலக்ட்ரிக் குக்கரில் சோறு, போன்களுக்கும் டார்ச்சுகளுக்கும் சார்ஜ், மறுநாள் தோசைக்கு மாவு எல்லாம். ஆறு மணிக்குச் சூரியன் மறைந்ததும் குணம் மாறிவிடும்: ஒரே விளக்கு, கேஸ் அடுப்பு, சீக்கிரத் தூக்கம். சிக்கனம் என்றால் எப்போதும் குறைத்துச் செலவழிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே அது நேரம் பார்த்துச் செலவழிப்பது.

மின்சாரமாவது தினமும் வானத்திலிருந்து வருகிறது, தண்ணீர் வராது. இந்த வறட்சியை மனதில் வைத்துத்தான் அமெரிக்க ராணுவம் 1856இல் ஒட்டகங்களைக் கப்பலில் வரவழைத்தது. அவற்றை மேய்க்க வந்தவர்களில் ஒருவரான ஹாஜி அலியின் சமாதி குவார்ட்ஸைட்டில் இருக்கிறது. 1902இல் இறந்த அவருக்கு 1935இல் எழுப்பிய கல் பிரமிடின் உச்சியில் ஓர் ஒட்டக உருவம்.

எங்களிடம் இருந்தது 150 லிட்டர் டேங்க். தட்டைக் காகிதத்தால் துடைத்தபிறகே கழுவினோம். குளியல் அரை வாளி, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். செலவழித்த தண்ணீரும் எங்கும் போய்விடுவதில்லை; தரையில் கொட்டக்கூடாது என்பதால் கழிவுநீர் டேங்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். பேட்டரி முழுதாக நிரம்பி, வெயில் மிச்சமாகிக் கிடந்தாலும், அந்த டேங்க் நிரம்பிய அன்று பேனல்களை மடக்கி வண்டியைக் கிளப்பியே ஆக வேண்டும்.