‘ஜெர்க்’னு சொன்னதும் பேத்தி முகம் மாறிடுச்சு! - சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குலுக்கல் பயணம்

பஸ் பிரேக் அடித்தால் ‘ஜெர்க்’. லிஃப்ட் நின்றால் ‘ஜெர்க்’. கரன்ட் பில்லைப் பார்த்தால்கூட ‘ஒரு நிமிஷம் ஜெர்க் ஆயிட்டேன்’. எல்லாக் குலுக்கலுக்கும் இந்த ஒற்றை இங்கிலீஷ் வார்த்தையை வைத்தே 66 வருஷத்தை ஓட்டிவிட்டேன். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

மகள் இருப்பது சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில். ஒரு சனிக்கிழமை, “அம்மாச்சி, வாங்க கேபிள் கார்ல போலாம்” என்று 9 வயதுப் பேத்தி கிளப்பிவிட்டாள். பழநி ரோப் கார் மாதிரி அந்தரத்தில் தொங்கும் என்று பயந்துகொண்டே போனேன். போய்ப் பார்த்தால், நடுத்தெருவில் தண்டவாளத்தின் மேல் அழகான மரவண்டி! பவல் தெருவும் மார்க்கெட் தெருவும் சேரும் இடத்தில் தரையில் ஒரு வட்டப் பலகை இருக்கிறது. வண்டி அதன்மேல் ஏறி நின்றதும், ஊழியர்கள் கையாலேயே தள்ளித் திருப்புகிறார்கள்.

இன்ஜின் இல்லாத வண்டி

இந்த வண்டியில் இன்ஜின் கிடையாது. தெருவுக்கு அடியில் ஒரு கால்வாய்க்குள் இரும்புக் கயிறு மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வண்டிக்குள் நிற்கும் ‘கிரிப்மேன்’ நீளமான லீவரை இழுத்தால், கீழே இடுக்கி போன்ற ஒன்று அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். வண்டி நகரும். நிறுத்த வேண்டுமென்றால் கயிற்றை விட்டுவிட்டு பிரேக் போட வேண்டும். பழநி விஞ்ச், கயிற்றோடு கட்டிப்போட்ட வண்டி. இதுவோ, ஓடுகிற கயிற்றைப் பிடித்துப் பிடித்து விடுகிற வண்டி. குலுக்கலுக்குக் கேட்கவா வேண்டும்?

கிளம்பும்போதே வெடுக்கென்று இழுத்தது. நான் கிரிப்மேனைப் பார்த்துச் சிரித்தபடி, “ஜெர்க்! ஜெர்க்!” என்றேன். பேத்தி முகம் சிவந்துவிட்டது. “அம்மாச்சி, யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது!” என்று காதில் கிசுகிசுத்தாள். அந்த ஊரில் ஒரு ஆளைப் பார்த்து ‘ஜெர்க்’ என்றால் ‘மட்டமான ஆள்’ என்று திட்டுவதாம்! நல்லவேளை, மணிச்சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

அதோடு விட்டாளா? வண்டியிலேயே எனக்கு வகுப்பு ஆரம்பித்துவிட்டது. வெடுக்கென்று இழுத்தால் ஜெர்க். தண்டவாளம் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டும் இடத்தில் அடியிலிருந்து தடக்கென்று தூக்கிப் போடுகிறதே, அது ஜோல்ட். வளைவில் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளினால் லர்ச். ஊஞ்சல் மாதிரி மெதுவாக அசைந்தால் ஸ்வே. பதிலுக்கு நானும் தமிழில் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு ரொம்பப் பிடித்தது, ‘தூக்கிவாரிப் போட்டது’.

பவல் தெருவிலிருந்து ஜாக்சன் தெருவுக்குத் திரும்பும் முன், கிரிப்மேன் சத்தமாக “ஹோல்ட் ஆன்!” என்றார். எல்லோர் கையும் ஒரே நேரத்தில் கம்பியைப் பிடித்தது. என் கையும்தான். அதற்கு மட்டும் யாரும் எனக்கு அர்த்தம் சொல்லவில்லை.

அப்புறம் ஹைட் தெருவின் உச்சியிலிருந்து நீலக்கடலும், நடுவே அல்காட்ராஸ் தீவும் தெரிந்தபோது, இடுப்பு வலியெல்லாம் மறந்துபோனது.

நகரமே குலுங்கிய காலை

திரும்பும் வழியில் கேபிள் கார் மியூசியத்தில் இறங்கினோம். அனுமதி இலவசம். எல்லா வண்டிகளையும் இழுக்கும் கயிறுகளை, ராட்சதச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம். இரும்புக் கயிறு தயாரித்த ஆண்ட்ரூ ஹாலிடி 1873-ல் முதல் வண்டியை ஓட்டிக் காட்டினார். மழையில் மேடேற முடியாமல் குதிரைகள் சறுக்கி விழுந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள்.

1906 ஏப்ரல் 18, விடிகாலை 5.12 மணிக்கு வந்த பெரிய நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் இந்த வண்டிப் பாதைகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டன. இறந்தவர்கள் சுமார் 3,000 பேர். இன்றும் ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில், அதே நேரத்தில், மார்க்கெட் தெருவிலுள்ள லோட்டா நீரூற்றின் அருகே மக்கள் கூடி அவர்களை நினைக்கிறார்கள். கேட்டதும் மனசு கனத்தது. ஆனாலும், ‘எப்பவோ நடந்தது’ என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பத்து விநாடி

அடுத்த வாரம், ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். தடக்! லாரி வந்து வீட்டில் மோதியது போல ஒரு அதிர்ச்சி. அலமாரியில் டம்ளர்கள் கலகலத்தன. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே ஓடுவதுதான். வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

“டிராப்! கவர்!” என்று கத்தியபடியே பேத்தி சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கால் வாசலை நோக்கியே போனது. “ஹோல்ட் ஆன், அம்மாச்சி!”

அந்த வார்த்தை கைக்குத் தெரியும். சட்டென்று மேஜைக்காலைப் பிடித்தேன். அவள் சேலையைப் பிடித்து இழுக்க, முழங்கால் வலியோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். தரை ஊஞ்சல் மாதிரி அசைந்து, அடங்கியது. மொத்தம் பத்து விநாடி இருக்கும். நான் நின்ற இடத்தில் மேல்தட்டிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடி விழுந்து நொறுங்கிக் கிடந்தது.

குனி, தலையையும் கழுத்தையும் மறை, பிடித்துக்கொள். அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் பழக்குகிறார்கள். குலுங்கும்போது ஓடினால் விழுவோம், அல்லது மேலே ஏதாவது விழும். வாசல் நிலைக்குக் கீழே நிற்பதும் பாதுகாப்பில்லை என்று மகள் சொன்னாள்.

அமெரிக்காவில் நிலநடுக்கத்தை உணர்ந்தவர்கள், அது எப்படி இருந்தது என்று அரசின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். அதை வைத்து வரைபடமே போடுகிறார்கள். பேத்தி போனை எடுத்துக்கொண்டு வந்து கேட்டாள்: “அம்மாச்சி, எப்படி இருந்துச்சு?”

“முதல்ல ஜோல்ட். அப்புறம் ஸ்வே” என்றேன்.

“கரெக்ட்!” என்றாள் டீச்சர்.

ஊர் திரும்பி ஆறு மாசமாச்சு. போன வாரம் வீடியோ காலில் அவளே ஆரம்பித்தாள்: “அம்மாச்சி, இன்னைக்கு ஸ்கூல் பஸ் டிரைவர் பிரேக் போட்டாரு பாருங்க... எங்க எல்லாரையும் தூக்கிவாரிப் போட்டுச்சு!”