மருந்தில்லாத ஊசி

வலிக்குப் போடும் ஊசியில் வலியைத் தீர்ப்பது மருந்தா, ஊசியா? கேட்டால் சிரிப்பார்கள். 1979-இல் காரெல் லெவிட் என்ற செக்கோஸ்லோவாக்கிய மருத்துவர் இதைக் கேட்டு, பதிலை ‘பெயின்’ என்ற மருத்துவ இதழில் எழுதினார். அவருக்கு முன்பே அமெரிக்காவில் ஜேனட் டிராவெல் (ஜான் கென்னடிக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்தவர்), தசையில் கை வைத்தாலே உயிர் போகிற புள்ளிகளைத் தேடித்தேடி மரத்துப்போகும் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். லெவிட் அந்த மருந்தை எடுத்துவிட்டார். 241 நோயாளிகள், 312 இடங்கள், வெறும் ஊசி. வலியின் மையத்தை ஊசி சரியாகத் தொட்டபோது 86.8 சதவீத இடங்களில் வலி அப்போதே அடங்கியது என்று எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு அது. அதனால் அந்த எண்ணை நான் முழுக்க நம்புவதில்லை. ஆனால் கேள்வி பிடித்திருந்தது.

இதையெல்லாம் நான் படித்தது ஆர்வத்தால் அல்ல, கழுத்து வலியால். பணம் கைமாறும் மென்பொருள் ஒன்றை இரவில் கண்காணிப்பது என் வேலை. சர்வர் தடுமாறினால் செல்போன் அலறும். அலறாத இரவிலும் மூன்று மணிக்கு விழித்து, அலறிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்ப்பேன். வலது தோள் காது வரை ஏறி நின்றது. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். “டிஸ்க் எல்லாம் நல்லா இருக்கு, டென்ஷனைக் கொறைங்க” என்றார்கள். டென்ஷனைக் குறைப்பது எப்படி என்பதற்கு எந்த ஸ்கேனும் இல்லை.

கருமத்தம்பட்டியில் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெரு ஒன்றில், மாடியில் ஒரு பிசியோதெரபி கிளினிக். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. தோளில் விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். “இங்கதானுங்ண்ணா?” நான் பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அந்த ஊசியின் தடிமன் கால் மில்லிமீட்டர். நடுவில் ஓட்டை கிடையாது. மருந்து ஏற்ற நினைத்தாலும் முடியாது. தோள் தசையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கீழேதான் நுரையீரல் இருக்கிறது, தப்பான கோணத்தில் ஆழமாகப் போனால் காற்று கசிந்து மூச்சுத் திணறும் என்றார். (இதைக் குத்துவதற்கு முன்னால் சொல்கிறவரை நம்பலாம், குத்திய பிறகு சொல்கிறவரை நம்பக் கூடாது.) சின்னக் குழாய் வழியாக ஒரு தட்டு. தோலில் எறும்பு கடித்தது போல. பிறகு உள்ளே சற்று ஆட்டியதும் தசை, தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. நான் துள்ளவில்லை, அது துள்ளியது. என் உடம்பில் என்னைக் கேட்காமல் நடக்கிற காரியங்கள் இவ்வளவு இருக்கின்றன என்பது அன்றுதான் உறைத்தது. அந்தத் துள்ளலுக்கு மூளையின் அனுமதி தேவையில்லை. தண்டுவடத்தோடு முடிகிற சுற்று அது. மூன்றாவது துள்ளலுக்குப் பிறகு, எங்கிருந்தோ ஒரு பெருமூச்சு வந்தது. மறுநாள் அடிபட்டது போல வலித்தது. ஆனால் அன்றிரவு மூன்று மணியைப் பார்க்காமல் தூங்கினேன்.

தசையில் குத்தினால் மனம் ஏன் அடங்குகிறது? முடிச்சு அவிழ்கிறது என்று ஒரு பதில் உண்டு. அமெரிக்காவில் ஜே ஷா என்பவரின் குழு, மிக மெல்லிய ஊசியால் அந்த முடிச்சுகளிலிருந்து திரவத்தை எடுத்துப் பார்த்தது. வலியைக் கடத்தும் வேதிப்பொருட்கள் அங்கே அதிகமாக இருந்தன; தசை துள்ளியபின் குறைந்தன. சிலரை மட்டுமே வைத்துச் செய்த ஆய்வு. முடிச்சு என்ற ஒன்றே நிரூபணமாகவில்லை என்று வாதிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜான் க்விண்ட்னரும் மில்டன் கோஹனும் 1994 முதல் அதைச் சொல்லிவருகிறார்கள்.

எனக்குச் சரியாகப் படுவது வேறு விளக்கம். 1983-இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் ‘நேச்சர்’ இதழில் ஒன்றைக் காட்டினார்: காயத்தின் செய்திகள் தொடர்ந்து வந்தால் தண்டுவடமே கூச்சம் கொண்டுவிடுகிறது. அதன்பின் சாதாரணத் தொடுகைகூட வலியாக மேலே போகிறது. வான்கூவரில் தொழிலாளர்களின் முதுகு வலியைப் பார்த்துக்கொண்டிருந்த சான் கன், மலேசியாவில் பிறந்தவர், இதே திசையில் யோசித்தார். காயமே தெரியாத தொழிலாளிக்கு ஏன் இவ்வளவு வலி? நரம்பு மிகையாகக் கூசுகிறது என்றார். அப்படிப் பார்த்தால் ஊசி எதையும் பழுது பார்க்கவில்லை. கூர்மையான, புதிய, ஆபத்தில்லாத ஒரு செய்தியைக் கொடுக்கிறது. மூளை தன் சொந்த வலிநிவாரணிகளைச் சுரந்து பழைய அலறலைக் கொஞ்சநேரம் தாழ்த்துகிறது. கொஞ்சநேரம்தான். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சில வாரப் பலனைத்தான் ஓரளவு உறுதியாகச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்யாவிட்டால் காசு தண்டம்.

இதை அப்பாவுக்குச் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. எட்டுத் தறி வைத்துக் காடாத்துணி ஓட்டியவர். 2022-இல் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றபோதே அவருக்குப் பாதி விட்டுப்போயிற்று. அடுத்த வருடம் தறிகளை எடைக்குப் போட்டோம். முப்பத்தைந்து வருடச் சத்தம் ஒரே நாளில் நின்றது. அதற்குப் பிறகுதான் அவருக்குத் தோள் வலி. தறி ஓட்டும்போது வராத வலி, சும்மா உட்கார்ந்தபின் வந்தது. ராத்திரி எழுந்து காலியான ஷெட்டில் போய் நிற்பார். “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார். ஆத்தா இருந்திருந்தால், கால் முன்னே வந்து பிறந்த யாரையாவது கூட்டிவந்து மிதிக்கச் சொல்லியிருப்பார். எங்கள் பக்கத்தில் சுளுக்குக்கு அது பழைய வைத்தியம்.

“மருந்தில்லாத ஊசிக்கு எதுக்குச் சாமி காசு?” என்றார் அப்பா.

தண்டுவடம், வுல்ஃப் எல்லாம் எடுபடவில்லை. கடைசியில் தறியை எடுத்தேன். ஊடை அறுந்தால் தறி தானாக நிற்க, முள்கரண்டி மாதிரி சின்னக் கம்பி ஒன்று உண்டு. அது கெட்டுப்போனால்?

“ஊடை அறுவாமயே நிக்கும். நாம ஊடையவே பாத்துட்டு உக்காந்திருப்போம்.”

“அப்ப என்னங்ப்பா பண்ணுவீங்க?”

“பிட்டர் வந்து ஒரு தட்டு தட்டிச் சரி பண்ணுவான்.” கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். “அப்ப எனக்கு ஊடை அறுவலைங்கற?”

“ஸ்கேன்ல அறுவலைங்ப்பா.”

இதுவரை நான்கு முறை வந்துவிட்டார். முதல்முறை தசை துள்ளியபோது, அறையில் வேறு யாரோ தொட்டது போலத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் புதுப் பாக்கெட் பிரித்து, குத்தியபின் ஊசியைத் தூக்கிப்போடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. “துருவே ஏறலையேம்மா, அதுக்குள்ள எதுக்கு வீசறீங்க?” கை இன்னும் முழுதாக மேலே போகவில்லை. சுவரில் விரலால் படியேறும் பயிற்சியை அம்மா எதிரில் செய்யக் கூச்சப்பட்டு, ஷெட்டுக்குள் போய்ச் செய்கிறார்.

போன வியாழன் அந்தப் பெண், “இப்ப எப்படிங்ப்பா இருக்குது?” என்று கேட்டார்.

“வலி இருக்குதும்மா. ஆனா அது பாட்டுக்கு இருக்குது.”

அவர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். ஒரு முறைக்கு ஐநூறு ரூபாய். மாடிப்படி இறங்குவதற்குள் அப்பா நானூற்றைம்பதுக்குப் பேசி முடித்துவிட்டார்.