மவுஸ் அம்பு காணாமல் போன கதை



ஆறேழு மாதமாக உங்கள் பதிவுகளுக்கு நான் லைக் போடவில்லை, வாழ்த்து அனுப்பினால் பதிலும் வருவதில்லை என்று சிலருக்கு வருத்தம். "சார் இப்பல்லாம் பெரிய ஆளாயிட்டாரு" என்று குரூப்பில் ஒருவன் எழுதியதையும் பார்த்தேன். கோபமில்லை. காரணத்தைச் சொல்லாமல் மறைத்தது என் தப்பு. இன்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ மட்டும் படித்த நடுநிலைப் பள்ளி வாத்தியார். ஆனால் கம்ப்யூட்டர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். 2006இல் பி.எஃப். கடன் போட்டு முதல் கம்ப்யூட்டர் வாங்கினேன். குண்டு மானிட்டர், 256 எம்.பி. ராம், விண்டோஸ் எக்ஸ்.பி. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். அதைச் சரி செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அன்று பிடித்த பைத்தியம். எந்த பிரவுசர் நல்லது, எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம், இன்னும் இருபது வருடத்தில் விஞ்ஞானம் எங்கே போகும் என்று கேட்டவனுக்கும் சொல்வேன், கேட்காதவனுக்கும் சொல்வேன்.

போன வருடத் தொடக்கத்தில் ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. மவுஸ் அம்பு அடிக்கடி காணாமல் போனது. திரையின் மேல் பக்கம் கொண்டுபோனால் மறைந்துவிடும். கீழே இழுத்தால் திரும்ப வரும். மவுஸ் பழுது என்று முடிவு கட்டி வேறு ஒன்று வாங்கினேன். அதிலும் அப்படியே. இன்னொன்று வாங்கினேன். டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். பிறகு மானிட்டர்தான் பழசு என்று தோன்றி 24 அங்குலத்தில் புதிதாக ஒன்று வாங்கினேன். கடைக்காரத் தம்பி, "சார், மவுஸ்ல ஒண்ணும் இல்ல. எங்க கடையில நல்லா ஓடுதே" என்றார். அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று வீட்டில் வந்து சொன்னேன்.

நடுவில் இரண்டு முறை நிலைப்படியில் தலை இடித்தது. பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் வந்த சைக்கிளைக் கவனிக்காமல் ஒரு பையன் மேல் மோதினேன். "ஏங்க, கண்ணைக் காட்டிட்டு வாங்களேன்" என்று வீட்டில் எத்தனையோ முறை சொன்னாள். கண்ணாடி போட்டால் செய்தித்தாளின் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறேன், கண்ணுக்கு என்ன கேடு என்று சத்தம் போட்டேன்.

கோடை விடுமுறைக்கு வந்த பேரன்தான் விஷயத்தை உடைத்தான். நான் அம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது திரையில் விரல் வைத்து, "தாத்தா, இங்கதானே இருக்கு. ரொம்ப நேரமா இங்கயேதான் இருக்கு" என்றான். நான் தலையை நிமிர்த்தியதும் அம்பு தெரிந்தது. குனிந்தேன், மறைந்தது. அந்த நிமிடம் வயிற்றில் ஏதோ கரைந்தது. பழுது மவுஸிலும் இல்லை, மானிட்டரிலும் இல்லை. மூன்று பொருள் வாங்கி மாற்றிய பெரிய நிபுணர் தன் கண்ணைச் சோதிக்கவில்லை.

கண் மருத்துவமனையில் வலது கண்ணின் அழுத்தம் 28 என்றார்கள். பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கலாமாம். ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தியதைவிட விட்டதுதான் அதிகம் போலிருக்கிறது. அச்செடுத்த தாளில் மேல் பாதி கறுப்பாக இருந்தது. கிளாக்கோமா, கண் நீர் அழுத்த நோய்.

வகுப்பில் சொல்வதுபோல் சொல்கிறேன். விழித்திரை ஒரு கேமரா. அதிலிருந்து மூளைக்குப் போகும் கேபிள்தான் பார்வை நரம்பு. அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண் இழைகள் உண்டு. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறினால் அந்த இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். வலிக்காது. கண் சிவக்காது. முதலில் ஓரப் பார்வைதான் போகும், நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும். பொடி எழுத்தை நான் படித்தது அதனால்தான். காணாத இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிக் கொள்வதால் ஓட்டை இருப்பதே தெரியாது. போன இழை திரும்ப வராது. சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

"இரண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்றார் டாக்டர் அம்மா. அவரும் சார் என்றுதான் கூப்பிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஒன்றும் பேசவில்லை.

இப்போது என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். 1994இல் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தாள். சாயங்காலம் பள்ளி விட்டுப் போகும்போது தடுக்கி விழுவாள். மாலைக்கண் என்றால் வைட்டமின் ஏ குறைவு, முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொடுங்கள் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இருந்தது அதுதான். கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அது கீரையால் தீரும் மாலைக்கண் இல்லை. விழித்திரையே மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் பரம்பரை நோய். கல்லூரி முடிப்பதற்குள் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அப்போது ஆறுதல் சொல்லப் போன நான் என் வழக்கப்படி, "பயப்படாதேம்மா, எலக்ட்ரானிக் கண் வரப்போகுது, விஞ்ஞானம் விடாது" என்றேன்.

2013இல் அது வந்தேவிட்டது. செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆர்கஸ் 2 என்னும் கருவிக்கு அந்த நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. கண்ணாடியில் கேமரா, விழித்திரையில் 60 மின்முனை. அவளுக்கு இருந்த அதே நோய்க்கு. தலைகால் புரியாமல் போன் செய்தேன். அவள் அப்போது ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "அறுபது புள்ளியை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது? எனக்கு இப்ப கம்ப்யூட்டர் பேசுது. அதை வச்சு வேலை பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வளர்ச்சியைப் புரிந்துகொள்ளாத பெண் என்றுகூட நினைத்தேன்.

பின்னால் நடந்தது இது. உலகம் முழுவதும் 350க்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கருவியைப் பொருத்திக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் நிறுவனம் அதைக் கைவிட்டது. 2020இல் பணமுடை வந்து பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. கண்ணுக்குள் கருவியைச் சுமந்தவர்களுக்குப் பழுது பார்க்க ஆளில்லை, மாற்று உறுப்பு இல்லை. பழைய கம்ப்யூட்டரை ஆதரவு முடிந்துவிட்டது என்று பரணில் போடலாம். கண்ணை எங்கே போடுவது?

கிளாக்கோமா என்று தெரிந்த பிறகு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவளிடம்தான் சொன்னேன். அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை. அவள் அனுதாபம் எதுவும் சொல்லவில்லை. "சார், உங்ககிட்ட என்ன கம்ப்யூட்டர் இருக்கு?" என்று கேட்டாள். இப்போதே பழகிக்கொண்டால் பிற்பாடு சிரமம் இல்லை என்றாள். மூன்று ஞாயிறு போனிலேயே பாடம் நடத்தினாள். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை நிறுவ வைத்தாள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவரும் 2006இல் தொடங்கியது. முற்றிலும் இலவசம். தமிழும் படிக்கும். நான் கடன் போட்டு முதல் கம்ப்யூட்டர் வாங்கிய அதே வருடம் இது பிறந்திருக்கிறது, எனக்கு இத்தனை நாள் தெரியாது.

அது விண்டோஸில்தான் ஓடும். உங்களுக்கெல்லாம் லினக்ஸ் போடுங்கள் என்று ஓயாமல் ஓதியவன் நான். என் பழைய கம்ப்யூட்டரோ விண்டோஸ் 11ஐ ஏற்காது, விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. கொள்கையை ஓரமாக வைத்துவிட்டு, பழைய சாமான் கடையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அதில் எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வேறு எந்தப் பெருமையும் தேவைப்படவில்லை.

பிரவுசர் விஷயத்திலும் என் அளவுகோல் மாறிவிட்டது. முன்பெல்லாம் வேகம் ஒன்றுதான் கணக்கு. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் தொடங்கினேன். ஒரு காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதைத்தான் வைத்திருந்தார்கள். போட்டி இல்லை என்றதும் 2001இல் ஆறாம் பதிப்பை விட்டவர்கள் அடுத்ததை விட 2006 வரை எடுத்துக்கொண்டார்கள். 2022 ஜூனில் அதற்கு மூடுவிழா. 2004இல் வந்த பயர்பாக்ஸுக்கும், 2008இல் வந்த குரோமுக்கும் மாறி மாறி ஓடினேன். இன்று குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே எஞ்சின். தனி எஞ்சினோடு பரவலாக இருப்பவை ஆப்பிளின் சபாரியும் பயர்பாக்ஸும்தான். பழைய தனிக்காட்டு ராஜாவைப் பார்த்தவன் என்பதால் பயர்பாக்ஸ் பிழைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதில் செய்திப் பக்கத்தைத் திறந்து எஃப்9 அழுத்துங்கள். விளம்பரம், துள்ளும் படம் எல்லாம் போய் எழுத்து மட்டும் பெரிதாக நிற்கும். எட்ஜில் கன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தை வாசித்துக் காட்டும், தமிழிலும். வயதான அப்பா அம்மாவுக்கு இந்த இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.

மென்பொருள் நிறுவனங்களில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்யும் பல பக்கங்களை இப்போது காதால் கேட்கிறேன். "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் கேட்கிறது. எந்தப் பட்டன் பணம் அனுப்பும், எது ரத்து செய்யும் என்று தெரிவதில்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் எழுதுங்கள், படத்துக்கு ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். வீட்டுப்பாடம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

விஞ்ஞானத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. 2025 அக்டோபரில் பிரிமா என்ற கருவியின் சோதனை முடிவு வந்தது. 2 மில்லிமீட்டர் சதுரச் சில்லு, 378 புள்ளிகள். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்களுக்கானது. ஓராண்டு கழித்துச் சோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்குப் படிக்கும் திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. படித்தபோது பழைய துள்ளல் வரத்தான் செய்தது. எனக்கு அது உதவாது. எனக்குப் போனது கேமரா இல்லை, கேபிள். ஆனால் இந்தத் தடவை நான் தேடிப் படித்த அடுத்த விஷயம், அதை யார் பராமரிப்பார்கள் என்பது. அதை உருவாக்கிவந்த பிக்சியம் விஷன் என்ற பிரெஞ்சு நிறுவனமும் நொடித்துப்போய், 2024இல் இன்னொரு நிறுவனம் கையில் எடுத்திருக்கிறது. நல்லபடியாக நடக்கட்டும்.

பிரவுசரோ, கம்ப்யூட்டரோ, நாளை வரப்போகும் செயற்கைக் கண்ணோ, நாளைக்கும் இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முப்பது வருடமாக எது புதுசு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன் சொல்கிறேன். தினமும் இரவு 9 மணிக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். ஒரு நாளும் தவறுவதில்லை. எனக்கு இப்போதிருக்கும் உயர்ந்த தொழில்நுட்பம் அந்தச் சின்னக் குப்பிதான்.

கடைசியாக உறவினர்களுக்கு. நம் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போனதை, வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது. தம்பி, தங்கச்சி, என் பிள்ளைகள், யாரும் சாக்குச் சொல்லாமல் இந்த மாதமே கண்ணைக் காட்டுங்கள். மாணவர்களில் நாற்பது தாண்டியவர்கள் எல்லோரும் போங்கள். கண்ணாடி பவர் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் சிலருக்கு நரம்பு கெடுவதுண்டு. சோதனைக்கு அரை நாள்தான் ஆகும். போய் வந்தவர்கள் கமெண்டில் "வந்தேன் சார்" என்று போடுங்கள். வருகைப் பதிவேடு எடுத்து ரொம்ப நாளாயிற்று.

பதில் கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் வரும். எழுதியதைக் காதால் கேட்டுத்தான் திருத்தினேன். ல, ள, ழ மூன்றும் அந்தக் குரலில் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது. எழுத்துப் பிழை இருந்தால், உங்களுக்கு நான் போட்ட சிவப்பு மையை நினைத்துக்கொண்டு, இந்த ஒருமுறை மன்னித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஏழாம் வகுப்பு சார்