ஒரே பெட்டி, இரண்டு கார்கள்

விளையாட்டுப் பொருளின் பெட்டியில் அச்சிட்ட படத்திற்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் குழந்தைகள் விரைவில் அறிந்துகொள்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் அது தாமதமாகப் புரிகிறது. இங்கிலாந்தில் வாழும் தங்கையின் வீட்டில் கல்லூரி விடுமுறையைக் கழித்தபோது, ஸ்லாட் கார் என்னும் மின்சாரப் பந்தயப் பொம்மையைச் சில வாரங்கள் நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. அந்தப் பொம்மையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதே இங்கே நாம் சொல்ல வருவது.

பார்த்திராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்து அமைக்கும் பாதையில் ஒவ்வொரு காருக்கும் ஒரு பள்ளக்கோடு உண்டு. கோட்டின் இருபுறமும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள். காரின் மூக்குக்கு அடியிலுள்ள சிறு நாக்கு பள்ளத்தில் இறங்கி நிற்கும். அதன் இருபக்கமும் உள்ள உலோகப் பின்னல்கள் பட்டைகளை உரசி மோட்டாருக்கு மின்சாரம் தரும். ஓட்டுபவர் கையில் இருப்பது ஒரு விசை மட்டுமே. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வேறெதுவும் செய்ய இயலாது. வளைவில் விசையைத் தளர்த்தாதவரின் கார் பாதையை விட்டுப் பறக்கும்.

பிரெட் பிரான்சிஸ் என்னும் ஆங்கிலேயர் 1952இல் சுருள்வில் விசையால் ஓடும் தகரக் கார்களை 'ஸ்காலெக்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தார். பின்னர் மின்மோட்டார் பொருத்தி, 1957இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் 'ஸ்காலெக்ஸ்ட்ரிக்' என அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டே அது லைன்ஸ் பிரதர்ஸ் என்னும் பெரிய பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. தகரம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. வீட்டுக் கூடத்தின் தரையில் விரிக்கத்தக்க, நடுத்தரக் குடும்பம் வாங்கத்தக்க பண்டமாக அது நிலைபெற்றது.

இந்த 'வாங்கத்தக்க' என்னும் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வழக்கமான அளவு 1:32. நாலரை மீட்டர் நீளமுள்ள மெய்யான கார் இதில் பதினான்கு சென்டிமீட்டராகச் சுருங்கும். அதற்குள் மோட்டார், பற்சக்கரம், அச்சு, காந்தம் அனைத்தும் அடங்க வேண்டும். மேற்கூட்டில் விளம்பர எழுத்துகள்கூடத் துல்லியமாகத் தெரிய வேண்டும். கடையில் கண்ணைக் கவர்வது மேற்கூடு; ஆகவே உழைப்பில் பெரும்பங்கு அதற்கே போகிறது. டயரோ அச்சில் வார்த்து எடுத்த ரப்பர். அதில் மயிரிழை அளவு வட்டம் பிசகினாலும் இத்தனை சிறிய கார் துள்ளும். அடியிலுள்ள காந்தம் காரைப் பட்டைகளோடு இழுத்துப் பிடித்து இக்குறையை ஓரளவு மறைத்துவிடும். காந்தத்தைக் கழற்றிய பிறகே டயரின் உண்மை வெளிப்படும். இத்தாலியின் ஸ்லாட்.இட் போன்ற நிறுவனங்கள் திருத்தமான சக்கரங்களையும் அச்சுகளையும் பற்சக்கரங்களையும் தனித்தனியே விற்பது இத்தகைய குறைகளை நம்பித்தான்.

தங்கை வீட்டுப் பெட்டியில் இரண்டு கார்கள் இருந்தன. நிறம் ஒன்றே வேறு. நீலக் கார் மருமகனுக்கு, சிவப்புக் கார் அவன் அக்காளுக்கு. ஒன்பது வயதுப் பையன் ஒரு வாரம் தொடர்ந்து தோற்றான். பிறகு ஒருநாள் விசையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஓட்டவே வரல மாமா" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே கூடம் கோணலாகவே இருந்தது. பையனோ தன் ஆட்டத்தைக் குறை சொன்னான். மதிப்பெண் பட்டியல்களோடு வாழும் எங்களுக்கு அந்தக் குரல் பழக்கமானது.

இரண்டு கார்களையும் ஒரே கோட்டில், ஒரே கையால், பத்துப் பத்துச் சுற்றுகள் ஓட்டிப் பார்த்தோம். நீலக் கார் சுற்றுக்கு ஏறத்தாழ அரை நொடி பின்தங்கியது. புரட்டிப் பார்த்தால் பின் டயரின் நடுவே வார்ப்பின் மடிப்புக்கோடு. அச்சில் தரைவிரிப்பின் நூல் சுற்றியிருந்தது. நூலை எடுத்தோம். பாதையின் மேல் உப்புத்தாள் துண்டை ஒட்டி, காரைக் கையால் பிடித்து, பின்சக்கரங்கள் அதில் உரசிச் சுழலுமாறு மெதுவாக ஓட்டி டயரைச் சமன் செய்தோம். மேற்கூட்டைப் பிணைக்கும் திருகாணிகளை அரைச்சுற்றுத் தளர்த்தினோம். கூடு சற்றே அசைய இடம் கிடைத்தால் சக்கரங்கள் பாதையில் நன்கு படியும். வித்தியாசம் பெரிதும் குறைந்தது. முற்றிலும் மறையவில்லை.

பாதையும் நடுநிலையானது அன்று. இரு கோடுகளுக்கும் இடைவெளி ஏறத்தாழ எட்டுச் சென்டிமீட்டர். கோடுகள் குறுக்கிடாத எந்தப் பாதையிலும் வெளிக்கோடு ஒரு சுற்றுக்கு அரை மீட்டர் அதிகம் என்று கணக்குச் சொல்கிறது. இருபது சுற்றில் பத்து மீட்டர்! உட்கோட்டுக்கும் ஒரு தொல்லை உண்டு: அதன் வளைவுகள் இறுக்கமானவை. பாதையை எட்டுப்போல் குறுக்கிட்டு அமைத்தால் நீளம் சமமாகும். மேடை எழுப்பப் பொறுமை வேண்டும்.

ஆகவே பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு விதி வகுத்தோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரையும் ஒவ்வொரு கோட்டிலும் ஒருமுறை ஓட்ட வேண்டும். ஆக நான்கு ஓட்டங்கள்; மொத்த நேரத்தைக் கூட்டியே வெற்றி தோல்வி. முதல் கூட்டலிலும் அக்காளே வென்றாள், மூன்று நொடியில். பையன் முகம் வாடவில்லை. எந்த வளைவில் அந்த மூன்று நொடி போயிற்று என்று கேட்கத் தொடங்கினான். அவனுடைய தோல்வி அப்போதுதான் அவனுடையதாயிற்று, திருத்திக்கொள்ளக் கூடியதுமாயிற்று.

பெட்டியிலிருந்து எடுத்த கார் அன்றே ஓடும், அழகாக இருக்கும், கீழே விழுந்தால் முதலில் பக்கக் கண்ணாடியை இழக்கும். இவ்வளவை நம்பி வாங்கலாம். வட்டம் பிசகாத டயரையும் ஓசையற்ற பற்சக்கரத்தையும் இரட்டைப் பிறவிகள் போன்ற இரு கார்களையும் அந்த விலையில் கேட்பது நியாயமாகாது. வாங்கித் தருகிறவர்கள் முதல் பந்தயத்திற்கு முந்திய மாலையை ஒரு திருப்புளியோடும் உப்புத்தாளோடும் செலவிட்டால் போதும். கார்கள் சமமாக இரா என்பதையும் பிள்ளைகளிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். தோற்ற பிறகு சொன்னால் அது ஆறுதலாகத்தான் கேட்கும்.