தகிட தகிட

பைலா. போர்த்துக்கீசில் 'ஆடு' என்கிற வினைச்சொல். இலங்கைக்கு வந்து, ஆட்டப் பாட்டின் பெயர்ச்சொல்லாகிவிட்டது.

போர்த்துக்கேயர் வந்தது 1505. யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துப் போனது 1658. கதிரை, அலமாரி, சாவி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். கதிரையில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பைலாவுக்குப் பாட்டி முறை கஃப்ரிஞ்ஞா. 'சின்னக் காப்பிரி' என்று பொருள் சொல்கிறார்கள். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயர் காப்பிரி. அதுவும் அவர்கள் சொல் அல்ல, அரபிச் சொல்.

புத்தளம் பக்கம் சிறம்பியடி. காப்பிரிகளின் வழிவந்தவர்கள், சில குடும்பங்கள். பாட்டின் பெயர் மாஞ்சா. போத்தல், கரண்டி, சிரட்டை. குசினியே வாத்தியம். மெதுவாகத் தொடங்கும், போகப்போக விரட்டும்.

வீட்டுப் பேச்சு இன்று சிங்களம். பாட்டு மட்டும் பழைய போர்த்துக்கீசக் கலப்பில். பாடுகிறவர்களுக்கே எல்லா வரிக்கும் பொருள் தெரியாது.

பாட்டு நிற்கவில்லை.

மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள். தெருவில் தமிழ். கலியாணத்தில் வயலின், கஃப்ரிஞ்ஞா.

அவர்களிடம் ஒரு 'சிங்கெலே நோனா' பாட்டு. மலாக்காவில் 'ஜிங்க்லி நோனா'. கோவாவிலும் ஒரு நோனா. யார் இவள்? துறைமுகத்துக்கு ஒருத்தி.

1940களில் கஃப்ரிஞ்ஞாவுக்குச் சிங்களச் சொல் போட்டு மேடையேற்றியவர் வாலி பாஸ்டியன். பொலிஸ்காரர். இதை ஏன் யாரும் வியப்பதில்லை?

வாத பைலா. மேடையில் இரண்டு பேர். பாட்டாலே கேள்வி, அந்த இடத்திலேயே பாட்டாலே பதில். தயங்கினால் போச்சு. காளமேகம் போயிருக்க வேண்டிய இடம்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் பைலாவைத் தமிழில் பாடிப் 'பொப்' என்றார்கள். ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று பாடினார் நித்தி. நான் அதை முதலில் கேட்டது எங்கே என்று எழுதப்போவதில்லை.

'சுராங்கனி' பாட்டு. தமிழ்நாட்டில் சுற்றுலாப் பேருந்துகளில் தொண்டை கிழியப் பாடியவர்களில் எத்தனை பேருக்கு அது மீன் கொண்டுவந்த கதை என்று தெரியும்?

கிரிக்கெட் மைதானம், பப்பரே இசைக்குழு. ட்ரம்பெட், மேளம். விக்கெட் விழுந்தாலும் பைலா, விழாவிட்டாலும் பைலா.

ஆறு-எட்டுத் தாளம் என்பார்கள். மிருதங்கம் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 'தகிட தகிட' என்று சொல்லிக் கொடுத்தேன். வாசித்தான். சுத்தம். ஆடத்தான் வரவில்லை. எங்கேயோ ஒரு மயிரிழை.

அந்த மயிரிழையை எப்படி எழுதிக் காட்டுவது?

பெரியம்மாவுக்குப் பைலா ஆகாது. "குடிகாரற்ற பாட்டு" என்று முகம் சுளிப்பா.

நேற்றைய கலியாண வீடு. கதிரைக்குக் கீழே அவவின் வலது கால், செருப்பைக் கழற்றிவிட்டு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பாட்டு முடியும்வரை பிசகவில்லை.