மலிவு விலையும் நமது காசும்

மலிவு விற்பனை என்னும் சிவப்பு மட்டையைக் கண்டதும் நமது கை தானாகவே நீளுகின்றது. 10 பவுண்ஸ் பொருளை 6 பவுண்சுக்கு வாங்கி, 4 பவுண்ஸ் மிச்சம் பிடித்ததாக மகிழ்கின்றோம். தேவையற்ற பொருளாயின் 6 பவுண்ஸ் போனதே உண்மை. அது ஊரிலுள்ள தாயாரின் மருந்துக்குரிய காசு.

இங்கிலாந்தின் பெரிய உணவுக் கடைகளில், காசு கட்டுமிடத்தருகே இனிப்புப் பண்டங்களை வைப்பதற்கு 2022 ஒக்ரோபரில் தடை வந்தது. வரிசையில் நிற்பவரின் மனம் இலகுவில் இளகும் என்பதை அரசே ஒப்புக்கொண்டது போலும்!

நாம் பட்டியலெழுதி, எண்ணி எடுத்த காசுடன் மட்டுமே கடைக்குப் போகின்றோம். வங்கி அட்டை வீட்டிலிருக்கும். இணையத்தில் வாங்கியவற்றுட் பெரும்பாலானவற்றை 14 நாட்களுக்குள் வேண்டாமென அறிவித்துத் திருப்பலாம். கடையில் நேரில் வாங்கியதை, மனம் மாறியமைக்காகத் திருப்பியேற்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆகவே கடையிற் பிடித்த சேலையை அங்கேயே விட்டு வாருங்கள். ஒரு கிழமை கழித்தும் நினைவிலிருந்தால் வாங்கலாம்.